நாற்பதுக்கு மேல் முதல் பேட்டில், எதிரே பழம் தின்று கொட்டை போட்டவர்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக: "எனக்கு 43 வயது. பல வருடமாக ராப் எழுதுகிறேன், பேட்டில் மேடை, அதாவது இரண்டு ராப்பர்கள் நேருக்கு நேர் நின்று வரிகளால் தாக்கிக்கொள்ளும் போட்டி மேடை, ஏறியதில்லை. இந்தப் போட்டிகளை நடத்தும் ஒரு சின்ன லீகில் அனுபவமுள்ள ஒருவரோடு மோத அழைப்பு வந்திருக்கிறது. கேனிபஸ் – டிசாஸ்டர் பேட்டில் வீடியோவைப் பார்த்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. வயதான புதுமுகத்துக்கு இதில் வாய்ப்பே இல்லையா?"

வாய்ப்பு இருக்கிறது. அந்த வீடியோவைப் பார்த்துப் பயந்ததும் நல்லதுதான், ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட பாடம் தவறு. கேனிபஸ் அன்று விழுந்ததற்கும் அவர் வயதுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. தான் இந்த மேடைக்குப் புதிது என்பதை அவர் ஒப்புக்கொள்ளாததுதான் அவரைச் சாய்த்தது. அதை முதலில் விளக்கிவிடுகிறேன், உங்கள் விஷயத்துக்கு அப்புறம் வரலாம்.

கேனிபஸ் 1974-ல் ஜமைக்காவில் பிறந்த ராப்பர். 1998-ல் இன்னொரு பிரபல ராப்பரான எல்.எல். கூல் ஜே-யைக் குறிவைத்து அவர் வெளியிட்ட பாட்டில் மைக் டைசன் குரல் கொடுத்து உசுப்பேற்றுவார். எல்.எல். பதில் பாட்டு போட்டார். அந்தக் காலத்தில் ராப் கேட்டவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தார்கள். எழுத்து என்று வந்தால் கேனிபஸ் ஒரு ராட்சசன். கோரஸ் இல்லாமல், மூச்சு விடாமல், வரிக்கு மேல் வரியாக அடுக்கிக்கொண்டே போவார். விஞ்ஞானம், ராணுவம், விண்வெளி என்று எதையும் உள்ளே இழுத்துப் போடுவார். "பேட்டில் ராப்பர்" என்ற பெயரும் அவருக்கு இருந்தது. ஆனால் அந்தப் பெயர் பாட்டு வழியாக வந்தது. ஸ்டூடியோவில் பதிவு செய்து ஒருவரைத் தாக்குவது ஒரு தொழில், எதிராளியின் மூச்சுக்காற்று முகத்தில் படும் தூரத்தில் நின்று தாக்குவது வேறு தொழில். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் வம்பு.

2012 ஜூன் மாதம், 37 வயதில், கிங் ஆஃப் த டாட் நடத்திய ஒரு நிகழ்ச்சியில் அவர் மேடையேறினார். அது டொரன்டோவில் 2008-ல் ஆர்கானிக் என்பவர் தொடங்கிய லீக். எதிரே டிசாஸ்டர்: லெபனான் வம்சாவளி, லாஸ் ஏஞ்சலஸ்காரர், கேனிபஸைவிடப் பத்து வயது இளையவர். கிரைண்ட் டைம் லீகின் காலத்திலிருந்தே பீட், அதாவது பின்னணித் தாளம், இல்லாத மேடையில் மோதி மோதித் தழும்பேறியவர். வயதில் மூத்தவர் கேனிபஸ், அந்த மேடையில் மூத்தவர் டிசாஸ்டர். கேனிபஸ் தடுமாறினார். வரிகள் வந்தன, ஆனால் கூட்டத்தில் எங்கும் போய் விழவில்லை. மூன்றாவது ரவுண்டில் போட்டியை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். அந்த உலகத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

கவனியுங்கள், அவரிடம் சரக்கு இல்லாமல் இல்லை. நோட்டு நிறைய இருந்தது. அதைத் தலையில் ஏற்றி, எதிராளியின் கண்ணைப் பார்த்து, கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவே இறக்கி வைக்கும் வித்தைதான் இல்லை.

இன்றைய லீக் பேட்டில் எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால் இது புரியும். 2008, 2009 வாக்கில் வந்த லீக்குகள்தான் இந்த வடிவத்தை நிலைநிறுத்தின. டொரன்டோவில் கிங் ஆஃப் த டாட், அமெரிக்காவில் கிரைண்ட் டைம், பிறகு நியூயார்க்கின் யூ.ஆர்.எல்., பிரிட்டனில் டோன்ட் ஃப்ளாப். 2010-ல் பிலிப்பைன்ஸில் அனிக்மா என்பவர் தொடங்கிய ஃப்ளிப்டாப் தகாலோக் மொழியில் நடந்து, பார்வையாளர் எண்ணிக்கையில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது. எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்று: பீட் கிடையாது. ஆளுக்கு மூன்று ரவுண்டு, மாறி மாறி. யாரோடு மோதப்போகிறோம் என்பது பல வாரம் முன்பே தெரியும், அதனால் முக்கால்வாசி எழுதி மனப்பாடம் செய்ததுதான். ரவுண்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் மொத்தம் ஒன்பது நிமிடம், கையில் காகிதம் இல்லாமல்.

பீட் இல்லை என்பதைப் பலர் வசதி என்று நினைக்கிறார்கள். தாளத்துக்குள் நிற்க வேண்டாம், பேசிவிட்டுப் போகலாம் என்று. உண்மையில் பீட்தான் ராப்பரைத் தாங்கிப் பிடிக்கிறது. எங்கே நிறுத்துவது, எங்கே தூக்குவது என்பதை அது சொல்லிக்கொடுக்கும். ஒரு வரி மந்தமாக இருந்தாலும் டிரம்ஸ் அதைக் கடத்திக்கொண்டு போய்விடும். அது இல்லாதபோது எல்லாப் பாரமும் உங்கள் நிறுத்தத்தின் மேல். பஞ்ச்லைன் அடித்தால் கூட்டம் கத்தும். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்த வரியைச் சொன்னால், அடுத்த பஞ்சுக்கான அடித்தளம் சத்தத்தில் மூழ்கிவிடும், அடி விழுந்தாலும் யாருக்கும் புரியாது. ரொம்ப நேரம் காத்திருந்தால், வரி மறந்துவிட்டது போலத் தெரியும். இந்தக் கணக்கு கண்ணாடி முன்னால் நின்று வராது. டிசாஸ்டர் போன்றவர்களுக்கு அது கைப்பழக்கம்.

கேனிபஸின் எழுத்து வேறு ஒரு வகையிலும் இதற்கு எதிரி. அவர் வரிகள் திரும்பத் திரும்பக் கேட்டு ரசிக்க வேண்டியவை. மேடையில் திருப்பிப் போட்டுக் கேட்க முடியாது. ஒரு நொடியில் புரிய வேண்டும், இல்லையென்றால் காற்றில் போயிற்று. நீங்களும் பல வருடமாக அறைக்குள் எழுதியவர் என்பதால் சொல்கிறேன், உங்கள் நோட்டில் உங்களுக்கு மிகவும் பிடித்த வரிகள்தான் அநேகமாக மேடைக்கு ஆகாதவையாக இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து இதே கதை கொஞ்சம் பணக்காரத்தனமாக நடந்தது. 2014 ஜூலையில் நியூயார்க்கின் ஹேமர்ஸ்டைன் பால்ரூமில் டோட்டல் ஸ்லாட்டர் என்ற நிகழ்ச்சி. பிரபல ராப்பர் ஜோ படன், லீக் ஆளான ஹாலோ ட டானோடு மோதினார். படன் மோசமாகச் செய்யவில்லை, சில இடங்களில் நன்றாகவே கடித்தார். ஆனால் கூட்டம் தன் பக்கம் வரவில்லை என்றதும் எரிச்சலாகி, மூன்றாவது ரவுண்டை முடிக்காமலே கிளம்பிவிட்டார். தீர்ப்பு ஹாலோவுக்கு. கேனிபஸ், படன் இரண்டு பேருமே பாட்டு உலகத்துப் பட்டத்தை இங்கேயும் செல்லும் என்று நினைத்து எடுத்துவந்தவர்கள்.

இப்போது மறுபக்கம். மார்க் கிரிஸ்ட் என்று ஒருவர். இங்கிலாந்தின் பீட்டர்பரோ ஊர்க்காரர், கவிஞர், அதற்கு முன் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். டோன்ட் ஃப்ளாப் லீகில் அவருக்கும் பிளிசார்ட் என்ற 17 வயதுப் பையனுக்கும் நடந்த பேட்டில் 2012-ல் "ஆசிரியர் எதிர் மாணவர்" என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. நிஜத்தில் அவர் அந்தப் பையனுக்குப் பாடம் எடுத்தவர் இல்லை, பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பையன் வயதில் சின்னவன் என்றாலும் இந்த வடிவத்தின் மொழியிலேயே வளர்ந்தவன். கிரிஸ்ட் மேடைக் கவிதையிலிருந்து வந்தவர், பார்த்தாலே வெளியாள் என்று தெரியும்.

அவர் அதை மறைக்கவே இல்லை. பையன்களைப் போல உடுத்தவோ பேசவோ முயலவில்லை. ஆசிரியராகவே நின்றார், ஆசிரியரின் நிதானத்தோடே, வகுப்பில் துடுக்குப் பையனை அடக்கும் குரலிலேயே பேசினார். எதிராளி அவரை "வாத்தியார்" என்று கிண்டல் செய்யச் செய்ய அந்தப் பாத்திரம் இன்னும் உறுதியானது. பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் கிரிஸ்ட் பக்கம்தான். ராப்பே கேட்காதவர்கள்கூட அந்த வீடியோவைப் பார்த்தார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேனிபஸ் கிரிஸ்டைவிடப் பல மடங்கு பெரிய ராப்பர், அதில் வாதமே இல்லை. ஆனால் கேனிபஸ் "நான் ஜாம்பவான்" என்று வந்தார், கூட்டம் ஜாம்பவானை எதிர்பார்த்தது, அந்த எதிர்பார்ப்பே அவர் கழுத்தில் கல். கிரிஸ்ட் தான் என்னவாக இருந்தாரோ அப்படியே வந்தார். அவரைப் பற்றி எதிராளி சொல்லக்கூடிய எதுவும் புதுச் செய்தி இல்லை.

பேட்டில் ராப்பில் ஆங்கிள் என்பார்கள், எதிராளியைத் தாக்க நீங்கள் பிடிக்கும் கோணம். உங்கள் எதிராளிக்கு உங்கள் மேல் கிடைக்கும் முதல் ஆங்கிள் உங்கள் வயது. அதற்காக அவர் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. "இந்த வயதில் இங்கே என்ன வேலை", "பிள்ளைக்குப் பதிலாக அப்பா வந்துவிட்டார்", "வீட்டில் மதிக்க ஆளில்லையா", "வேலை போய்விட்டதா", முட்டி வலி, முடி, தொப்பை. இப்போதே உட்கார்ந்து இருபது எழுதுங்கள், அதில் பாதியை அவரும் எழுதியிருப்பார். பிறகு அவற்றில் சிறந்த நாலைந்தை உங்கள் முதல் ரவுண்டில் நீங்களே, அவரைவிட நன்றாகச் சொல்லிவிடுங்கள். கெஞ்சும் தொனியில் வேண்டாம், சிரிப்பாகச் சொல்லுங்கள். அவர் தன் ரவுண்டில் அதையே சொல்ல வரும்போது அது பழசாகியிருக்கும், கூட்டம் உங்களோடு சேர்ந்து சிரிக்கும். மனப்பாடம் செய்து வந்தவருக்கு நடுவழியில் வரியை வெட்டுவது சுலபமில்லை. வெட்டினால் தடுமாறுவார், வெட்டாவிட்டால் உங்களைக் காப்பியடித்ததுபோல் இருக்கும்.

இதை லேசாக நினைக்க வேண்டாம். உங்களிடம் உள்ள பெரிய ஆயுதம் இதுதான் என்று சொல்லியிருப்பேன், இதைவிடப் பெரியது ஒன்று இல்லாமல் இருந்தால்.

அது என்னவென்றால், உங்களைப் பற்றி அவரிடம் ஒன்றும் இல்லை. அவரைப் பற்றி உங்களிடம் எல்லாம் இருக்கிறது. பல வருடம் மோதியவர் என்றால் அவருடைய பேட்டில்கள் யூடியூபில் வரிசையாகக் கிடக்கும். எந்த உவமையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார், எந்த ரவுண்டில் மூச்சு வாங்குகிறார், எங்கே சோக் ஆனார், அதாவது வரி மறந்து நின்றார், யாரிடம் தோற்ற பிறகு சாக்கு சொன்னார், மூன்று வருடம் முன்பு சொன்னதற்கு நேர்மாறாகப் போன மாதம் என்ன சொன்னார், எல்லாமே பதிவில் உண்டு. அனுபவம் என்பது அவருக்குப் பலம், உங்களுக்குச் சாட்சிப் பெட்டகம். உங்களைத் தேடினால் அவருக்குக் கிடைப்பது ஃபேஸ்புக்கில் கல்யாண நாள் படமும் காலை வணக்கமும். (அதையும் ஒருமுறை பார்த்துச் சுத்தம் செய்துவிடுங்கள். குடும்பப் படங்களை மறைத்து வையுங்கள். இந்த விளையாட்டில் வீட்டுப் பெண்களை இழுக்காமல் விடமாட்டார்கள், அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது, ஆனால் அது இருக்கிறது.)

இந்த உத்தி லீக்குகளுக்கு முன்பே உள்ளது. 1981 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் வேர்ல்ட் கிளப்பில் நடந்த மோதலைச் சொல்லாமல் பேட்டில் ராப் வரலாறு பேசவே முடியாது. அன்று பிஸி பீ ஸ்டார்ஸ்கி என்ற ராப்பர் மேடையின் ராஜா. அவர் வேலை கூட்டத்தைக் குஷிப்படுத்துவது: கத்தச் சொல்வது, ராசி கேட்பது. ஆமாம், பன்னிரண்டு ராசிதான். "இங்கே யாரெல்லாம் இந்த ராசி?" என்று கேட்டால் கூட்டம் குதிக்கும். ட்ரெச்சரஸ் த்ரீ என்ற ராப் குழுவின் கூல் மோ டீ பின்னால் ஏறினார். கூட்டத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. பிஸி பீ பார்ட்டிக்குப் பார்ட்டி ஒரே ஐட்டத்தை ஓட்டுகிறார், அந்த ராசி விளையாட்டுகூட அலுத்துவிட்டது, ஸ்டார்ஸ்கி என்ற பெயரே லவ்பக் ஸ்டார்ஸ்கி என்ற இன்னொரு கலைஞரிடமிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். சற்றுமுன் அந்த ஐட்டங்களுக்குக் குதித்த அதே கூட்டம் இதற்கும் கத்தியது. அனுபவஸ்தரின் வெற்றிகரமான பழக்கமே அவருக்கு எதிரான ஆங்கிள் ஆனது. பேட்டில் ராப்பின் பாதையையே திருப்பிய ராத்திரி அது என்று பலரும் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

இதைச் செய்யும்போது ஒரு அளவு தேவை. அவருடைய பழைய தோல்விகளை மட்டும் பட்டியல் போட்டால் ரசிகர் ஒருவர் புகார் வாசிப்பதுபோல ஆகிவிடும். ஒரு விஷயத்தைப் பிடியுங்கள். ஒன்றே ஒன்று. மூன்று ரவுண்டிலும் அதை வளர்த்துக்கொண்டு போங்கள். உதாரணமாக, இத்தனை வருடம் ஆகியும் அவர் ஏன் இன்னும் உங்களைப் போன்ற புது ஆளோடு சின்ன மேடையில் மோதிக்கொண்டிருக்கிறார் என்பது ஒரு நல்ல கேள்வி. உங்கள் வயது உங்களைக் கேட்கும் கேள்வியை அவர் அனுபவம் அவரைக் கேட்கட்டும்.

செய்யக்கூடாதது: துப்பாக்கி வரிகள். யூ.ஆர்.எல். மேடையில் துப்பாக்கி இல்லாத ரவுண்டே அபூர்வம், அதற்கு அந்தந்தத் தெருக்களின் பின்னணி இருக்கிறது. அங்கே கூட்டம் வரியை மட்டும் எடைபோடுவதில்லை, வரிக்குப் பின்னால் நிற்கும் ஆளை நம்பலாமா என்று பார்க்கும். 43 வயதில் வேலைக்குப் போய்வரும் ஒருவர் சுட்டுத் தள்ளுவேன் என்றால் சிரிப்பு வரும், நீங்கள் எதிர்பார்த்த சிரிப்பு இல்லை. இளைஞர்களின் கொச்சையை நேற்றுக் கற்றுக்கொண்டு பேசுவதும் இதே ரகம். உங்கள் வேலை, கடன், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், மேலதிகாரியின் முகம், இவற்றிலிருந்து வரும் வரிகளை எதிராளியால் எழுதவே முடியாது. "உன் வயதில் எனக்கு ரெண்டு லோன் இருந்தது, உனக்கு ரெண்டு ரசிகர்கள்" என்ற மாதிரி. இதைவிட நன்றாக எழுதுவீர்கள், ஒரு போக்குக்குச் சொன்னேன்.

மனப்பாடம் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டும். வயது உண்மையில் உதைக்கும் இடம் இது. இருபது வயதுப் பையன் போட்டிக்கு முந்தின வாரம் எழுதிவிட்டு வந்து நிற்பான், உங்களால் முடியாது. ரவுண்டுகளைச் சின்னதாக வைக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள், பல சின்ன லீக்குகளில் நேரத்தை இருவரும் பேசி முடிவு செய்யலாம். இரண்டு நிமிடம் கேளுங்கள். அனுபவஸ்தர்கள் நீண்ட ரவுண்டுகளைத்தான் விரும்புவார்கள், அதில்தான் புது ஆள் களைப்பான். எழுதி முடித்த பிறகு குறைந்தது மூன்று வாரம் வெறும் மனப்பாடத்துக்கு விடுங்கள். உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பதில் பயன் குறைவு. நடந்துகொண்டே, மாடிப்படி ஏறிக்கொண்டே, டிவி சத்தத்துக்கு நடுவே, யாராவது வேண்டுமென்றே குறுக்கிடும்போது சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு ரவுண்டையும் தனியாக நிற்கக்கூடிய சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதுங்கள். நடுவில் ஒன்று மறந்தால் அடுத்ததற்குத் தாவிவிடலாம், யாருக்கும் தெரியாது. நீளமாக ஒரே சங்கிலியாக எழுதினால் ஒரு கண்ணி அறுந்தாலும் போச்சு. அப்புறம், எந்தச் சூழ்நிலையிலும் போனையோ காகிதத்தையோ எடுக்காதீர்கள். மறந்துவிட்டால் சிரியுங்கள், "வயசாயிடுச்சு" என்று சொல்லுங்கள், கூட்டம் மன்னிக்கும். காகிதத்தை மன்னிக்காது.

எதிராளி தரப்பையும் யோசித்துப் பாருங்கள். பெயர் தெரியாத 43 வயதுக்காரரை அடித்தால் அவருக்குப் பெருமை இல்லை, தோற்றால் வருடக்கணக்கில் கிண்டல். அதனால் பலர் இப்படிப்பட்ட போட்டிக்கு அரைகுறையாகத் தயாராகி வருவார்கள், பழைய வரிகளைத் தூசி தட்டி எடுத்து வருவார்கள். அதற்காகத்தான் அவருடைய பேட்டில்களை எல்லாம் பார்க்கச் சொன்னேன். ஏற்கனவே எங்கோ சொன்ன வரியை உங்கள் மேல் போட்டால், எந்தப் போட்டியில் யாருக்குச் சொன்னது என்று அடுத்த ரவுண்டின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். எதிராளி சொன்னதற்கு அங்கேயே பதில் கொடுப்பதை ரிபட்டல் என்பார்கள். புது ஆளிடமிருந்து யாரும் அதை எதிர்பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு நல்ல ரிபட்டல் உங்கள் இரண்டு மந்தமான துண்டுகளை மறக்கடித்துவிடும். வராவிட்டால் வலுக்கட்டாயமாக முயல வேண்டாம், எழுதினதைச் சொல்லுங்கள்.

நடுவர்கள் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளிப்டாப்பில் நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். யூ.ஆர்.எல்.-இல் பெரும்பாலும் தீர்ப்பே கிடையாது, யார் ஜெயித்தார் என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள். நடுவர்கள் இருந்தால் மூன்று ரவுண்டும் சீராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்கள் வெளியே போய்ப் பேசும்படி ஒரு கட்டம் அமைந்தால் போதும், உங்கள் உழைப்பில் பாதியை முதல் ரவுண்டிலேயே கொட்டலாம்.

கடைசியாக டாஸ். பெரும்பாலும் நாணயம் சுண்டித்தான் யார் முதல் என்று முடிவாகும். ஜெயித்தவர்கள் இரண்டாவதாகப் பேசுவதையே பொதுவாக எடுப்பார்கள், ரிபட்டலுக்கு வசதி, கடைசி வார்த்தையும் தங்களுடையது. உங்களுக்கு டாஸ் விழுந்தால் முதலில் போவதை எடுங்கள். உங்கள் வயதைப் பற்றி அந்த அறையில் முதலில் பேசுகிற ஆள் நீங்களாக இருக்க அது ஒன்றுதான் வழி. அவருக்கு விழுந்தால் அநேகமாக அவர் இரண்டாவதைக் கேட்பார், கவலையே இல்லை. உஷாரான ஆள் என்றால் முதலில் போகிறேன் என்பார். அதற்கென்று முதல் ரவுண்டின் தொடக்கத்துக்கு மட்டும் இன்னொரு எட்டு வரி தனியாக மனப்பாடம் செய்து வைத்திருங்கள், அவர் சொல்லி முடித்த வயசு ஜோக்குகளுக்கு மார்க் போடுகிற மாதிரி.